மகனின் புத்தகப் பையில் கத்தி

கேள்வி: நாங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகனின் புத்தகப் பையில், செய்தித்தாளில் சுற்றிய கத்தி ஒன்றைப் பார்த்தேன். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துப் பேருந்தில் வேறு தெருப் பையன்களோடு தகராறு என்றும், தற்காப்புக்காகத்தான் வைத்திருப்பதாகவும் சொல்கிறான். பள்ளியில் சொன்னால் டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்று கணவர் தடுக்கிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்தக் கத்தி அவன் கைக்கு மீண்டும் போகாதபடி இன்றே அப்புறப்படுத்துங்கள். பிறகு, அடிக்காமல், உறவினர்களைக் கூட்டாமல், அவனைத் தனியே உட்கார வைத்து, மிரட்டியது யார், எந்தப் பேருந்தில், என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அவன் பயந்திருக்கிறான். அந்தப் பயத்தைக் காதுகொடுத்துக் கேட்காமல் கத்தியை மட்டும் பிடுங்கினால், நாளை இன்னொன்று பைக்குள் வந்துவிடும்.

ஆனால் கத்தி தற்காப்பு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கைகலப்பில் அது யார் கைக்குப் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. தொடையில் குத்தினால் உயிருக்கு ஆபத்தில்லை என்று பையன்கள் நம்புகிறார்கள். அங்கே ஓடும் பெரிய தமனி அறுபட்டால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விடக்கூடும் என்பதை அவனுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில், பென்சில் தகராறில் எட்டாம் வகுப்பு மாணவன் பையில் கொண்டுவந்த அரிவாளால் சக மாணவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியையும் காயமடைந்தார். பையில் ஆயுதம் இல்லாதிருந்தால், அது இரண்டு நாளில் மறந்துபோகும் சண்டையாக முடிந்திருக்கும்.

பள்ளியில் சொல்ல வேண்டுமா என்றால், கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் தேவை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவர், தம்மைச் சாதியைச் சொல்லித் துன்புறுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட பிறகுதான், சக மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. உறவினரான முதியவர் ஒருவர் அந்த அதிர்ச்சியில் உயிரிழந்தார். புகார் கொடுத்தது தவறில்லை. புகார் கொடுத்த பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லாமல் போனதுதான் கொடுமை. ஆகவே நீங்களும் கணவரும் தலைமை ஆசிரியரைத் தனியே சந்தித்து, எழுத்து மூலம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் பெயரை வகுப்பில் சொல்லக் கூடாது, இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிக்கக் கூடாது, பேருந்து நேரத்தில் ஓர் ஆசிரியர் நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். மிரட்டல் வீட்டு வாசல் வரை வந்திருந்தால் காவல் துறையிடமும் சொல்லத் தயங்காதீர்கள். பள்ளி காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன.

உங்கள் கணவர் டி.சி.யை நினைத்து அஞ்சுகிறார். கொலை போன்ற கொடுங்குற்றம் நடந்துவிட்டால், 16 வயது நிறைந்த சிறுவனைப் பெரியவர்களைப் போலவே விசாரிக்கலாமா என்று முடிவுசெய்ய 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு வெட்டுச் சம்பவம் இரண்டு குடும்பங்களோடு நிற்பதும் இல்லை. பதிலுக்குப் பதில் என்ற பேச்சு கிளம்பும். கைதுக்குப் பயந்து ஆண்கள் ஊரைவிட்டுப் போவார்கள். பேருந்தில் அனுப்ப அஞ்சிப் பெண் பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவார்கள். அந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத அந்தப் பெண்களின் இழப்பைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

நீங்கள் சாதியைக் குறிப்பிடவில்லை. ஆயினும் கயிற்றின் நிறம் எதைக் காட்டுகிறது என்பது நம் அனைவருக்கும் தெரியும். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம் போன்றவற்றைப் பள்ளிகளில் தடைசெய்யுமாறு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பரிந்துரைத்தது. பள்ளி தடுத்தாலும், வீட்டில் யாராவது பெருமையோடு கட்டிவிட்டால் அது அவன் கையில் இருக்கத்தான் செய்யும். உங்கள் மகன் கையில் அதைக் கட்டியது யார் என்று வீட்டுக்குள் கேளுங்கள். அது கணவராக இருந்தால், தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகும் முன் அவரே அதை அவிழ்க்கட்டும். அப்பா அவிழ்த்தால் பையன் எதிர்க்க மாட்டான்.