அப்டேட் ஆனது, லேப்டாப் படுத்துவிட்டது: பெங்களூரு நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

எஸ்.பி. ரோடில் லேப்டாப் பழுது பார்க்கும் மேசையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள் காலையில் போன் விடாமல் அடித்தால் காரணம் கேட்கவே வேண்டாம். விண்டோஸின் மாதாந்தர அப்டேட் அந்தச் செவ்வாயன்றுதான் வருகிறது. மைக்ரோசாஃப்ட் இருக்கும் அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. நாம் தூங்கும்போது இறங்கி, காலை மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேலையைக் காட்டும்.

மாரத்தஹள்ளி, ஐடி ஊழியர்: அண்ணா, நேற்று இரவு அப்டேட் ஆனது. இப்போது லோகோ வருகிறது, வட்டம் சுற்றுகிறது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஃபார்மட்தான் வழியா?

அவசரப்படாதீர்கள் தம்பி. வட்டம் சுற்றும்போது பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இதையே இன்னொரு தடவை செய்யுங்கள். அடுத்த முறை போடும்போது அதுவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். இரண்டு வகை காட்டும்: குவாலிட்டி என்பது மாதாந்தரம், ஃபீச்சர் என்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரியது. முதலில் சின்னதை நீக்கிப் பாருங்கள். பெரியதைத் திரும்பப் பெற சாதாரணமாகப் பத்து நாள்தான் கெடு. அதற்கப்புறம் பழைய விண்டோஸ் வைத்திருந்த ஃபோல்டரைக் கணினியே அழித்துவிடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் சேஃப் மோடில் (அத்தியாவசியமானது மட்டும் ஓடும் நிலை) திறங்கள். சேஃப் மோடில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர்தான் (ஒரு பாகத்தை இயக்கும் சின்ன மென்பொருள்) குற்றவாளி. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே, வைஃபை இரண்டிலும் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கிறதா பாருங்கள்.

ஒரு சங்கதி. 2025 அக்டோபர் அப்டேட்டில் இந்தப் பழுதுபார்க்கும் திரையிலேயே யூஎஸ்பி மவுஸும் கீபோர்டும் வேலை செய்யாமல் போயின. தீயணைப்பு வண்டிக்கே தீப்பிடித்த கதை! ஒரு வாரத்துக்குள் திருத்தம் வந்துவிட்டது.

அல்சூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

யாரும் புகவில்லை அம்மா. பூட்டைப் போட்டது உங்கள் லேப்டாப்தான், உங்களிடம் சொல்லாமல். பிட்லாக்கர் என்று பெயர். இப்போது வரும் பல லேப்டாப்களில், முதல்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டு, சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஒரு சிப், கணினி தொடங்கும் விதத்தை ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும். பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனால் அந்த விதம் மாறும். "வீட்டுக்காரர்தானா நீங்கள்?" என்று அது சந்தேகப்படுகிறது, அவ்வளவுதான்.

போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைஸஸ் பகுதியில் ரெக்கவரி கீ தேடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் பொருந்துவதை எடுங்கள். எந்தக் கணக்கு என்பதுதான் பெரும்பாலும் சிக்கல். என்னிடம் வந்த ஒரு பெரியவருக்கு மூன்று நாள் தேடினோம். கடைசியில் லேப்டாப் வாங்கிக் கொடுத்த மகனின் கணக்கில் இருந்தது. மகன் கனடாவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சாவி இல்லாமலே திறந்து தருகிறேன், நாலாயிரம் கொடு" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் நம்பாதீர்கள். சாவி இல்லையென்றால் அழித்துப் புதிதாகப் போடலாமே தவிர, படங்கள் திரும்பாது. கிடைத்ததும் காகிதத்தில் எழுதி, கேஸ் புத்தகத்தோடு வையுங்கள்.

கெங்கேரி, பொறியியல் மாணவர்: விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கிறேன். உபுண்டுவில் கெர்னல் (அதன் மையப் பகுதி) அப்டேட் ஆனபின் கறுப்புத் திரை. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு.

தொடங்கும்போது, எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியலை வரவழையுங்கள் (எஸ்கேப், சில மெஷின்களில் ஷிஃப்ட்). அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது திறந்தால் என்விடியா டிரைவரை நீக்கி மறுபடி போடுங்கள்.

கறுப்புத் திரைக்குப் பதில் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று வந்தால் அது வேறு நோய். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் பல பேருடைய லினக்ஸைத் தடுத்தது அப்படித்தான். அதற்கு 'செக்யூர் பூட்' என்ற வசதியை (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் காவல்) தற்காலிகமாக அணைக்கச் சொல்வார்கள். அணைக்கும் முன் மேலே அம்மாவுக்குச் சொன்ன பதிலைப் படி தம்பி. உன் விண்டோஸும் 48 இலக்கம் கேட்கக்கூடும்.

ஒயிட்ஃபீல்டு, அலுவலக லேப்டாப்: 2024 ஜூலையில் உலகமே நீலத் திரையானதே, அதுவும் விண்டோஸ் அப்டேட்தானே சார்?

இல்லை. 2024 ஜூலை 19 அன்று கவிழ்த்தது கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு ஃபைல். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை நீக்கினால் போதும். ஆனால் ஒவ்வொரு கணினியாகச் செய்ய வேண்டியிருந்தது, பூட்டியிருந்தவற்றில் பிட்லாக்கர் சாவியும் வேண்டியிருந்தது. உங்களுடையது அலுவலக மெஷின் என்றால் நீங்கள் எதையும் தொடாமல் ஐடி ஆட்களிடம் கொடுப்பதே நல்லது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: அப்டேட்டுக்குப் பிறகு அரை மணிக்கொரு தடவை பட்டென்று அணைகிறது. ஈவன்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவு) 'கெர்னல் பவர் 41' என்று இருக்கிறது. எந்த அப்டேட்டை நீக்க?

41 என்பதை வைத்து எதையும் நீக்காதீர்கள். "முறையாக அணைக்காமல் நின்றுபோனது" என்பதைத்தான் அது சொல்கிறது, ஏன் என்று சொல்லாது. நீலத் திரையோ கறுப்புத் திரையோ காட்டிவிட்டு விழுந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். ஒரு எழுத்தும் காட்டாமல் அணைந்தால் முதல் சந்தேகம் சூடு, அடுத்தது சார்ஜர், பேட்டரி.

ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். அப்டேட் தேதிக்கு முன்பே சிவப்புக் குறிகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் அப்டேட் நிரபராதி. பெரிய அப்டேட் முடிந்தபின் ஒன்றிரண்டு நாள் கணினி பின்னணியில் ஃபைல்களை அட்டவணைப்படுத்திக்கொண்டு உழைக்கும். ஏற்கெனவே தூசி அடைத்த ஃபேன் அப்போதுதான் கைவிடும். மெட்ரோ வேலை நடக்கும் ரோடோரம் குடியிருப்பவர்களின் லேப்டாப்பைத் திறந்தால் ஃபேனில் மண்ணே அள்ளலாம். சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றினால் பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும்.

சிவாஜிநகர், கடைக்காரர்: அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன பாய்?

சில வாரம் தள்ளிப்போடலாம். நானே வீட்டு லேப்டாப்பில் ஒரு வாரம் தள்ளித்தான் போடுகிறேன். மற்றவர்கள் அடிபட்டுச் சொல்லட்டும் என்று. ஆனால் பில்லிங், யூபிஐ எல்லாம் ஓடும் மெஷினில் அடியோடு நிறுத்தாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அப்டேட்டில்தான் வருகின்றன. உங்களுடையது விண்டோஸ் 10 என்றால் அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது.

ஆஸ்டின் டவுன், இல்லத்தரசி: அண்ணா, அப்டேட்டுக்குப் பிறகு டச்பேட் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. கிளிக் ஆகவில்லை. செட்டிங்ஸில் எங்கே மாற்றுவது?

செட்டிங்ஸ் வேண்டாம் அம்மா. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள், அணைத்துவிடுங்கள், டச்பேடை அமுக்கிப் பார்க்காதீர்கள். மெத்தைமேல் வைக்காமல் தரையில் தனியாக வைத்துவிட்டு, இன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.