அரசே காசு கொடுத்துத் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கினால் பலன் இருக்குமா?

இருக்கும், ஒரு நிபந்தனையோடு. கொடுத்த துப்பாக்கிக்குப் பதில் அதே மாதிரி இன்னொன்றை மறுநாள் கடையில் வாங்க முடியக்கூடாது. அந்த வழியை அடைக்காமல் எத்தனை கோடி செலவழித்தாலும் வீண்தான். நடந்த திட்டங்களை வைத்தே இதைச் சொல்கிறேன்.

1996 ஏப்ரல் 28 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், போர்ட் ஆர்தர் என்ற சுற்றுலாத் தலத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டு நாளில் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார். அங்கே துப்பாக்கிச் சட்டம் மாநில அதிகாரம் என்பதால் இது சாதாரண வேலை அல்ல. செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைபிள்களும், செமி ஆட்டோமேட்டிக், பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களும் (ஒரே சூட்டில் பல சிறு குண்டுகளைச் சிதறடிப்பவை; பம்ப் வகையில் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டும்) தடைசெய்யப்பட்டன. மற்ற எல்லாத் துப்பாக்கிக்கும் பதிவு கட்டாயம். வாங்க 28 நாள் காத்திருக்க வேண்டும். 'தற்காப்புக்காக' என்று எழுதினால் லைசென்ஸ் கிடையாது.

காசு எதற்கு? ஆஸ்திரேலிய அரசியலமைப்பின்படி மத்திய அரசு ஒருவருடைய சொத்தை எடுத்துக்கொண்டால் நியாயமான விலை கொடுத்தாக வேண்டும். அதற்காக மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான வரியை ஓராண்டுக்கு மட்டும் 0.2 சதவீதம் உயர்த்தினார்கள். 1996 அக்டோபர் முதல் 1997 செப்டம்பர் வரை சுமார் 6,50,000 துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. விலைப்பட்டியல் முன்கூட்டியே வெளியானதால் கவுன்டரில் பேரம் பேச இடமில்லை.

பலன் என்ன? ஐந்து பேரோ அதற்கு மேலோ சாகும் துப்பாக்கிச்சூடுகள் அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் அடுத்தடுத்து நடந்தன. பிறகு இருபது ஆண்டுகளுக்கு அப்படி ஒன்றுமில்லை. துப்பாக்கியால் நடக்கும் தற்கொலைகளும் குறைந்தன. அதிகத் துப்பாக்கிகள் திரும்பிய மாநிலங்களில் குறைவும் அதிகம் என்று மாநிலவாரியாகப் பார்த்த ஆய்வு காட்டியது. எனக்கு மிக வலுவாகப்படும் சான்று இதுதான். கொலைகளைப் பொறுத்தவரை அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. அந்த எண்ணிக்கை 1996-க்கு முன்பே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது: இன்று ஆஸ்திரேலியாவில் பதிவிலுள்ள துப்பாக்கிகள் 40 லட்சத்துக்கு மேல், அன்றிருந்ததைவிட அதிகம். மாறியது வகை. ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய ரைபிளை வைத்துக்கொண்டு ஒருவன் அரை நிமிடத்தில் செய்யக்கூடிய நாசம் குறைவு.

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் 119-க்கு 1 என்ற வாக்கில், பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலை 13 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் முதல் ஒப்படைப்பு முகாம். முகாம் நடந்த விதம் பார்க்கத் தகுந்தது. முதலில் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும். தோட்டா இல்லாமல், பையில் மூடித் துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டும். போலீசார் மாடலைப் பட்டியலோடு ஒப்பிட்டு நிலையைத் தீர்மானிப்பார்கள்: புதிது போல இருந்தால் அடிப்படை விலையில் 95 சதவீதம், சாதாரணமாகப் பயன்படுத்தியதென்றால் 70, மோசமான நிலையில் இருந்தால் 25. பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். அங்கேயே ஹைட்ராலிக் இயந்திரம் குழலையும் சுடும் பாகத்தையும் நசுக்கிவிடும். பெரிய மேகசின்களுக்கும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டிகள்) தடைசெய்த உதிரி பாகங்களுக்கும் தனி விலை உண்டு. இது முக்கியம், பாகங்களை விட்டுவிட்டால் வீட்டிலேயே மறுபடி பொருத்திவிடுவார்கள்.

61,000-க்கு மேல் துப்பாக்கிகள் இந்தத் திட்டத்தில் அடங்கின. இது வெற்றியா? யாராலும் சொல்ல முடியவில்லை, காரணம் 1983-இல் எடுத்த ஒரு முடிவு. ரைபிள், ஷாட்கன்களைப் பதிவு செய்வதை அன்றே நிறுத்திவிட்டு ஆளுக்கு மட்டும் லைசென்ஸ் கொடுத்தார்கள். அதனால் 2019-இல் தடைசெய்த துப்பாக்கிகள் வெளியில் எத்தனை இருந்தன என்பதற்கு 56,000 முதல் 1,73,000 வரை மதிப்பீடு ஓடியது. மொத்தம் தெரியாதபோது மிச்சம் எப்படித் தெரியும்? புதிய பதிவேடு 2023 ஜூனில்தான் தொடங்கியது. போதாததற்கு, ஒப்படைக்கும் கெடு முடிய மூன்று வாரம்கூட இல்லாதபோது ஒரு துப்பாக்கி வியாபாரிக்கு மற்ற உரிமையாளர்களின் விவரங்கள் தெரியும்படி இணையதளம் திறந்துகிடந்தது. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் திருடனுக்குப் பொக்கிஷம். நம்பி வந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய துரோகம் வேறில்லை.

அமெரிக்க நகரங்களில் நடப்பது பெரும்பாலும் ஒரு சனிக்கிழமைத் திட்டம். தேவாலய வாசலில் மேசை போட்டு, கேள்வி கேட்காமல், ஒரு துப்பாக்கிக்கு 50 முதல் 200 டாலர் வரை கிஃப்ட் கார்டு. வருவது துருப்பிடித்த ரிவால்வரும் இறந்த தாத்தாவின் ஷாட்கன்னும். நல்ல பிஸ்டல் அதைவிட அதிக விலைக்கு வெளியில் போகும்போது அதை யார் இங்கே கொண்டுவருவார்? கொடுத்தவர் வீட்டிலும் பெரும்பாலும் இன்னொன்று இருக்கும். குற்றங்கள் குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. 2022-இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் ஒருவர் 3டி பிரின்டரில் அச்சடித்த பாகங்களைக் கொடுத்து 21,000 டாலர் கிஃப்ட் கார்டு வாங்கிப் போனார். துண்டுக்கு இவ்வளவு என்று விலை வைத்து, துண்டு எது என்று எழுதாமல் விட்டால் இதுதான் நடக்கும். அழிப்பதிலும் ஓட்டை உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் ரிசீவர் அல்லது ஃபிரேம் என்ற ஒரே பாகம்தான், அதாவது மற்ற பாகங்கள் பொருத்தப்படும் உடல்தான், 'துப்பாக்கி'. அதை மட்டும் நசுக்கிவிட்டு மீதியை உதிரி பாகங்களாக விற்கும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால் ஒப்பந்தத்தில் 'முழுத் துப்பாக்கியும்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனாலும் இந்தச் சிறிய முகாம்களை முழுக்க ஒதுக்க மாட்டேன். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையோ மறதி நோய் வந்த பெரியவரோ உள்ள வீட்டிலிருந்து ஒரு துப்பாக்கி வெளியேறுவது அந்த வீட்டுக்கு உயிர்ப் பிரச்சினை. அதற்குக் காசுகூடத் தேவையில்லை. 2017-இல் ஆஸ்திரேலியா ஒரு டாலரும் கொடுக்காமல், வழக்கு இல்லை என்ற உறுதியை மட்டும் கொடுத்து மூன்று மாதம் காத்திருந்தது. 57,000-க்கு மேல் வந்தன. 2021 ஜூலை முதல் அங்கே அந்தப் பொதுமன்னிப்புக்குக் கெடுவே கிடையாது.