15 நிமிடம் பேச பிரேசில் வரை போக வேண்டுமா?

"வெளிநாட்டு மாநாட்டில் கால் மணி நேரம் பேச இரண்டு நாள் பயணம் தேவையா, ஆன்லைனில் பேசினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், வீட்டில்தான் யாரோ செலவைப் பற்றி முனகுகிறார்கள் என்று நினைக்கிறேன். என் பதில்: போய்விட்டு வாருங்கள்.

நான் கரும்பு நோய்களில் வேலை செய்பவன், குறிப்பாகச் செவ்வழுகல், அதாவது தண்டை உள்ளே சிவக்க வைத்து அழுக வைக்கும் பூஞ்சை நோய். சாவோ பாலோ மாநிலத்தில் பிராசிகாபா என்ற ஊரில் பேச வாய்ப்பு வந்தது. கோவையிலிருந்து இரவு ரயிலில் சென்னை, அங்கிருந்து துபாய், விமான நிலைய நாற்காலியில் பாதி ராத்திரி, அப்புறம் நடு இருக்கையில் சுமார் 15 மணி நேரம், இறங்கியதும் பேருந்தில் இன்னும் 160 கிலோமீட்டருக்கு மேல். பிசினஸ் கிளாஸில் போயிருக்கலாமே என்று கமெண்டில் யாரும் வராதீர்கள், எங்கள் சம்பளம் எங்களுக்குத் தெரியும். நான் பேசியது அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு, நம் ஊரில் அப்போது இரவு பதினொன்றரை. என்ன பேசினேன் என்று ஸ்லைடைப் பார்த்தால்தான் நினைவுக்கு வருகிறது. கேள்வி கேட்டவர் யாரும் இல்லை.

இதற்கா போனாய் என்றால், இதற்கில்லை. மாலை தேநீர் நேரத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர், வயதானவர், என் போஸ்டர் முன்னால் வந்து நின்றார். மறுநாள் காலை தன் காரிலேயே வயலுக்குக் கூட்டிப் போனார். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வரிசைகள், தோகையை எரிக்காமல் இயந்திரம் அறுத்துக்கொண்டே போகிறது. ஒரு கரும்பைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். தண்டுத் துளைப்பான் என்ற புழு போட்ட ஓட்டை, அதிலிருந்து மேலும் கீழும் சிவப்பு. நமக்கு இந்த நோய் பெரும்பாலும் விதைக்கரணையில், அதாவது நடுகிற கரும்புத் துண்டில், ஒளிந்து வந்து வயலையே காய வைக்கிறது, உ.பி.யில் கோ 0238 என்ற கரும்பு ரகம் இதனால்தான் பெரும் பாடு பட்டது. அங்கே அதே பூஞ்சை புழு போட்ட ஓட்டை வழியாக நுழைந்து சர்க்கரையைத் தின்கிறது, அதனால் அவர்கள் முதலில் புழுவைத்தான் துரத்துகிறார்கள். இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் படித்திருக்கிறேன். ஆனால் எந்த வயதுப் பயிரில் எந்தக் கணுவைப் பிளந்து பார்க்க வேண்டும் என்பதை அவர் கை காட்டிய மாதிரி எந்தப் புத்தகமும் காட்டவில்லை. திரையில் பேசி முடித்துக் கேமராவை அணைத்திருந்தால் அந்த மனிதரைச் சந்தித்தே இருக்க மாட்டேன்.

ஊரில் என்ன பேச்சு தெரியுமா? "அப்பனுக்கு ஆலைக்காரன் கரும்புப் பணம் தரவில்லை, மகன் பிரேசில் போகிறான்." நான் போகாமல் இருந்தால் ஆலை பணம் கொடுத்துவிடுமா? 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வெட்டி அனுப்பிய 14 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. வட்டியை விடுங்கள், அசலைக் கேட்கவே அப்பா எத்தனை முறை ஆலை வாசலில் நின்றார் என்பது எங்கள் வீட்டுக்குத்தான் தெரியும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். பிரேசில் பக்கம் போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுவிடுங்கள். நான் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டேன். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் உட்கார வைக்க முடியும். மஞ்சள் காய்ச்சல் இல்லாத நாடு என்றால் இதை விட்டுவிடுங்கள். ஆனால் எந்த நாடாக இருந்தாலும் காகித போர்டிங் பாஸ் கேட்டு வாங்குங்கள். நான் மொபைலில் காட்டி ஏறினேன், எங்கள் கணக்குப் பிரிவு காகிதம் இல்லாமல் பில்லை நகர்த்த மாட்டேன் என்கிறது. துபாயிலிருந்து ஏறாமல் பிரேசிலில் எப்படி இறங்கியிருப்பேன் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை.