ப்ளீச்சிங் பவுடர் தூவிய படி – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். 2020-ல் கொரோனா வார்டில் டூட்டி பார்த்தேன். வார்டு டூட்டி, பிறகு தனிமை என்று முடித்து வாடகை வீட்டுக்குத் திரும்பினால், நான் ஏறி வந்த படியில் ஹவுஸ் ஓனர் அம்மா ப்ளீச்சிங் பவுடர் தூவுவார். ஒருநாள், “வேற இடம் பாத்துக்கோம்மா” என்றார். காலி செய்தேன். போன மாதம் அவரே போன் செய்து, கணவருக்கு ஸ்கேன் எடுக்கச் சீக்கிரம் டேட் வாங்கித் தரச் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. வார்டில் எத்தனையோ சாவுகளைப் பார்த்தேன், அதெல்லாம் இப்படிக் குத்தவில்லை. அவர் பயந்ததில் என்ன தப்பு, மன்னிக்க முடியாத எனக்குத்தான் மனசு சின்னதோ என்று தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

உங்கள் மனசு சின்னதில்லை. வார்டில் நடந்த சாவுக்கு யார் மேலும் கோபப்பட முடியாது. வேலையில் அதுவும் உண்டு என்று தெரிந்துதான் உள்ளே போனீர்கள். படியில் விழுந்த பவுடர் அப்படியில்லை. நேற்றுவரை குழம்புக் கிண்ணம் கொடுத்து வாங்கிய ஒருவர் உங்களுக்கென்றே தூவியது அது. இரண்டும் ஒரே மாதிரி வலிக்காது.

பயத்தைப் பற்றி. பயம் எல்லோருக்கும் இருந்தது, சரி. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியும் தகரம் அடித்தும் அரசே அந்தப் பயத்துக்குப் பாடம் நடத்தியது. சட்டப்படி உத்தரவில்லாமல் வீட்டு வாசலில் அப்படி ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது டிசம்பர் வந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அம்மாவின் சொந்த மகள் நர்ஸாக இருந்திருந்தால் “வேற இடம் பாத்துக்கோ” என்றிருப்பாரா? சொந்த பங்களாவில் இருந்த பெரிய டாக்டரை யார் காலி செய்யச் சொன்னார்கள்? வாடகை அறையில் இருந்த நர்ஸ், பயிற்சி டாக்டர், துப்புரவுப் பணியாளர், ஆம்புலன்ஸ் டிரைவர் இவர்களிடம்தான் அந்தப் பயம் வாய் திறந்தது. யாரை எழுந்து போகச் சொல்ல முடியுமோ அவரைப் பார்த்துப் பயப்பட்டார்கள். அதனால்தான் இதைப் பயம் என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து மணிப்பூர் நர்சுகள் 2020 மே மாதம் கூட்டமாக ஊர் திரும்பினார்களே, அவர்களுக்கு நோய்ப் பயத்தோடு வடகிழக்கு முகமும் சேர்ந்து பகையானது.

செத்த பிறகு பெரிய டாக்டரும் தப்பவில்லை என்பது வேறு கதை. ஏப்ரல் 19 இரவு சென்னையில் கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் புதைக்க விடவில்லை. வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும் பறந்து, ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்து, டிரைவர்கள் ரத்தத்தோடு திரும்பினார்கள். கடைசியில் உடன் வேலை பார்த்த டாக்டர் ஒருவரே வண்டியை ஓட்டிப்போய், போலீஸ் பாதுகாப்பில், வார்டு ஊழியர்களோடு சேர்ந்து மண்ணைத் தள்ளி மூடினார்.

அடுத்த சில நாளில், 22-ஆம் தேதி, மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. அடிப்பது மட்டுமில்லை, வேலைக்குப் போக முடியாதபடி குடியிருக்கும் இடத்தில் தொல்லை கொடுப்பதும் அதில் வன்முறைதான். அதாவது உங்கள் விஷயமும் அதற்குள் வரக்கூடியது. ஆனால் அட்வான்ஸ் பணம் அந்த அம்மாவிடம் இருக்கும்போது எந்த நர்ஸ் ஸ்டேஷனுக்குப் போவார்?

இன்னொன்று, அந்தப் பாராட்டு. மார்ச் 22 மாலை மருத்துவப் பணியாளர்களுக்காக நாடே கை தட்டியது. அந்த வாரமே டெல்லி எய்ம்ஸ் ரெசிடென்ட் டாக்டர்கள் சங்கம், எங்களை வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள் என்று உள்துறை அமைச்சருக்கு எழுதியது. மே 3 அன்று ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவினார்கள். கைதட்டலை நான் குறை சொல்லவில்லை, நானும் தட்டினேன். ஆனால் ‘தெய்வம்’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தத் தெய்வம் தூக்கம் வரவில்லை என்று எப்படிச் சொல்லும்? சீனாவில் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் அப்போதே கேட்டார்கள். பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி, மூன்றில் ஒருவருக்குத் தூக்கமின்மை. பெண்களுக்கும் நர்சுகளுக்கும் கூடுதல். கனடாவின் டொரொன்டோவில் 2003-ல் பரவிய சார்ஸ் என்ற தொற்றுநோயாளிகளைப் பார்த்த மருத்துவப் பணியாளர்களிடம் ஓராண்டு, இரண்டாண்டு கழித்தும் மனப் பாதிப்பு தெரிந்தது. பயிற்சியும் பாதுகாப்பும் போதுமான அளவு கிடைத்தது, நம் பக்கம் ஆள் இருந்தது என்று உணர்ந்தவர்களுக்கு அது குறைவு. உங்கள் பக்கம் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

மன்னிப்பு பற்றி. அவர் இன்னும் கேட்கவே இல்லையே. கேட்காத மன்னிப்பைக் கொடுக்கவில்லை என்று ஏன் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள்? ஸ்கேன் டேட் வாங்கிக் கொடுத்தது உங்கள் குணம். இன்னொரு முறை கூப்பிட்டால், “அன்னைக்கு அப்படிப் பண்ணிட்டீங்களேம்மா” என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அவர் அழலாம், மழுப்பலாம், போனை வைத்துவிடலாம். எதுவானாலும் பரவாயில்லை.

தூக்கமின்மையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போக உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஓ.பி. சீட்டு எழுதுபவரே தெரிந்தவராக இருப்பார், சாயந்திரத்துக்குள் நர்சஸ் ரூமில் பேச்சாகிவிடும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், பெயர் சொல்லாமலே பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள். 24 மணி நேரமும் இயங்குகிறது, நைட் டூட்டி முடிந்து கூப்பிட்டாலும் ஆள் இருப்பார்கள்.