ஹிரோஷிகேயின் மழை: ஒரு மரக்கட்டை அச்சு பற்றிய கேள்வி பதில்

ஜப்பானிய ஓவியர் உதாகவா ஹிரோஷிகேயின் 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசையில் 1857இல் வந்தது இந்த மழைப்படம். எடோ, இன்றைய டோக்கியோ. சுமிதா ஆற்றின் ஷின்-ஓஹாஷி பாலத்தில் திடீர் மழைக்குக் குனிந்து ஓடுகிறார்கள் மனிதர்கள். நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் ஒரு பிரதி இருக்கிறது.

கேள்வி: மழைக்கோடு இவ்வளவு மெலிசா இருக்கே, கட்டையில் ஊசியால் கீறினதா?

கீறினால் அந்த இடத்தில் மை ஏறாது, கோடு வெள்ளையாக விழும். இங்கே கோடு கறுப்பு. ஆகவே கோட்டை மட்டும் மேடாக நிறுத்தி, இருபுறமும் மரத்தை எடுத்திருக்கிறார்கள். அதுவும் இரண்டு கட்டைகளில், சாய்வு சற்றே மாறி. மழை அடர்ந்து தெரிவது அதனால்தான். கட்டை காட்டுச்செர்ரி மரம், இறுகிய ரேகை கொண்டது. மென்மரமாக இருந்தால் நாலு தாள் ஓடுவதற்குள் கோடு உதிர்ந்துவிடும். ஹிரோஷிகே வரைந்ததோடு சரி. செதுக்கியவர் வேறு, அச்சிட்டவர் வேறு.

கேள்வி: மேலே உள்ள கருமேகம் பிரதிக்குப் பிரதி மாறுகிறதே, எது சரி?

ஒவ்வொன்றும் சரிதான். மேகத்துக்கென்று செதுக்கிய வடிவம் கிடையாது. வெறும் சமதளக் கட்டையை ஈரத்துணியால் துடைத்து, மேல் விளிம்பில் மை வைத்து, தூரிகையால் கீழ்நோக்கி இழுத்துக் கரைப்பார்கள். 'பொகாஷி' என்பது இதுதான். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். ஈரம் கூடினால் மை ஓடிக் கறைபடும். குறைந்தால் மேகத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்.

கேள்வி: நிறத்துக்கொரு கட்டையாக இத்தனை கட்டை மாறியும் நிறம் விலகாமல் எப்படி?

ஒவ்வொரு கட்டையிலும் ஒரு மூலையில் 'ட' வடிவ வெட்டு, அதே விளிம்பில் தள்ளி ஒரு நேர் வெட்டு. பெயர் 'கென்டோ'. தாளை இரண்டிலும் முட்ட வைத்துப் படியவிட்டு, முதுகுப்புறம் 'பாரென்' என்னும் வட்டத் தேய்ப்பானால் அழுத்துவார்கள். வெட்டு சரியாக இருந்தும் நிறம் விலகினால் தாள் உலர்ந்து சுருங்கியிருக்கும். கோஸோ என்னும் காகித மல்பெரியின் நார்த்தாளுக்கு வஜ்ஜிரப் பசையும் படிகாரமும் கலந்த நீர் பூசி, கடைசி நிறம் வரை ஒரே ஈரத்தில் வைத்திருப்பது அதற்காகத்தான்.

கேள்வி: வீட்டில் இதே படம் இருக்கிறது சார். அசலா?

பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இயந்திர அச்சு, அத்தோடு விஷயம் முடிந்தது. புள்ளி இல்லையென்றால் தாளைத் திருப்புங்கள். மை ஊறி, பாரென் தேய்த்த தடம் இருந்தால் கையச்சு. ஆனால் கையச்செல்லாம் 1857 ஆகிவிடாது. பின்னாளில் புதிதாகச் செதுக்கிய கட்டைகளில் அச்சு வெளியான மாதத்தைக் காட்டும் முத்திரையையும் சேர்த்தே நகலெடுத்திருக்கிறார்கள். முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அருங்காட்சியகம் போனால் பல நேரம் காட்சியில் இல்லையே?

வெளிச்சம்தான் காரணம். இதிலுள்ள பிரஷ்யன் நீலம் என்னும் செயற்கை நிறம் ஓரளவு தாங்கும். தாவரச் சாயங்கள் தாங்காது, வெளிறினால் மீளாது. இதுபோன்ற அச்சுகளைப் பொதுவாக 50 லக்ஸ் என்னும் மங்கலான வெளிச்ச அளவில் சில மாதம் வைத்துவிட்டு, பல ஆண்டுகள் இருட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டிலும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் கூடாது.

கேள்வி: வான்கோ வரைந்தது இதைப் பார்த்தா?

ஆமாம், 1887இல், எண்ணெய் வண்ணத்தில். சுற்றிலும் ஜப்பானிய எழுத்துகளை அவராகச் சேர்த்தார்; ஹிரோஷிகேயின் அச்சில் அந்த ஓரம் கிடையாது.