ஸ்லோவீனியா டூர்: அம்மாவுக்கு சுகர், பிபி இருக்கு, எதுல கவனமா இருக்கணும்?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். மே கடைசில குடும்பத்தோட ஸ்லோவீனியா போறாங்க, லூப்லியானா, பிளெட் ஏரி, போஸ்தோய்னா குகை, அப்புறம் சோச்சா ஆத்துப் பக்கம் ரெண்டு நாள். அம்மாவுக்கு அறுபத்தி ரெண்டு வயசு, இன்சுலின் போடறாங்க, பிபி மாத்திரை சாப்பிடறாங்க, எங்க போனாலும் புடவைதான். "அங்க ஏதோ பூச்சி கடிச்சா மூளைக்காய்ச்சல் வரும்னு படிச்சேன், ஊசி போடணுமா, கிளம்ப ரெண்டு மாசம்தான் இருக்கு, வேற எதெல்லாம் பாக்கணும்"ங்கறதுதான் கேள்வி.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அம்மாவை தாராளமா கூட்டிட்டுப் போகலாம். அமைதியான ஊர், குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம், குடிதண்ணி மக்களோட உரிமைன்னு 2016ல அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்ச நாடு அது. ஆனா நாட்டுல பாதிக்கு மேல காடு, நீங்க போற மே, ஜூன்தான் உண்ணி ரொம்ப சுறுசுறுப்பா இருக்கற சமயம், அதனால நீங்க படிச்சது சும்மா பயமுறுத்தல் இல்ல.

நம்ம ஊர் மாட்டு உண்ணி மாதிரி பெருசா, கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கும்னு நினைக்காதீங்க. அங்க ஆளைக் கடிக்கறது பெரும்பாலும் குஞ்சு உண்ணி, கசகசா அளவுதான் இருக்கும், கடிச்சா வலிக்காது, அரிக்காது. மரத்துல இருந்து குதிக்காது, புல் நுனியிலயும் செடி இலையிலயும் உக்காந்திருக்கும், நாம உரசிட்டுப் போகும்போது துணில தொத்திக்கிட்டு மேல ஏறும். அதனாலதான் புடவை விஷயத்தை தனியா சொல்றேன், ஏரியைச் சுத்தி போட்ட பாதையில, டவுன்ல புடவை கட்டிட்டு நடந்தா பிரச்சனையே இல்ல, ஆனா புல்வெளியில இறங்கினா கீழ் ஓரம் முழுக்க புல்லைக் கூட்டிட்டே போகும், உள்ள கால் வெறுமையா இருக்கும். சோச்சா பக்கம் போற அந்த ரெண்டு நாளைக்கு மட்டும் அம்மாவை சுடிதார் போடச் சொல்லுங்க, பேன்ட்டோட கீழ்ப்பகுதியை சாக்ஸுக்குள்ள விட்டுக்கணும், வெளிர் நிறமா இருந்தா ஊர்றது தெரியும். முடியவே முடியாதுன்னா புடவைக்குள்ள லெகின்ஸும் நீள சாக்ஸும். டீட் (DEET)ங்கற மருந்து இருபது சதவீதத்துக்கு மேல இருக்கற பூச்சி விரட்டி ரிப்பெல்லன்ட்டை வெளிய தெரியற தோல்ல தடவிக்கட்டும்.

ரூமுக்கு வந்ததும் குளிக்கறதுக்கு முன்னாடி உடம்பை நல்லா பாக்கணும், முட்டிக்குப் பின்னாடி, தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னாடி, தலைமுடி ஓரம், பாவாடை நாடா இறுகற இடுப்பு மடிப்பு. அம்மாவால முதுகுப் பக்கம் பாக்க முடியாது, உங்க வீட்டம்மா பாத்து விடட்டும், குழந்தைங்க இருந்தா அவங்க தலையையும். கடிச்சிட்டு ஒட்டிட்டு இருந்தா எண்ணெய் விடறது, மண்ணெண்ணெய் தடவறது, தீக்குச்சியால சுடறது எதுவும் வேணாம், கூர்மையான சின்ன இடுக்கியால தோலை ஒட்டி அதோட தலைப்பக்கம் பிடிச்சு, நிதானமா நேரா மேல இழுங்க, அப்புறம் சோப்பு போட்டு கழுவுங்க. இந்த இடுக்கி அங்க மருந்துக்கடையிலயே கிடைக்கும், லேகார்னான்னு போர்டும் பச்சை சிலுவையும் இருக்கும். கடிச்ச தேதியையும் இடத்தையும் போன்ல குறிச்சு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

உண்ணியால முக்கியமா வர்றது ரெண்டு நோய், குழப்பிக்காதீங்க. லைம் (Lyme) நோய்ங்கறது பாக்டீரியாவால வர்றது, உண்ணி பொதுவா ஒரு நாளுக்கு மேல ஒட்டிட்டு இருந்தாதான் தொத்தும், சீக்கிரம் எடுத்துட்டா பெரும்பாலும் தப்பிச்சிடலாம், வந்தாலும் ஆன்டிபயாடிக்ல குணமாகும். கடிச்சு மூணு நாள்ல இருந்து ஒரு மாசத்துக்குள்ள அந்த இடத்துல ஒரு வட்டம் பெருசாகிட்டே போகும். இன்டர்நெட்ல இருக்கற படம் எல்லாம் வெள்ளைத் தோல்ல எடுத்தது, நம்ம நிறத்துல பளிச்னு சிவப்பா தெரியாது, கன்னிப்போன மாதிரி கருஞ்சிவப்பாவோ ஊதாவாவோ இருக்கலாம், அதைப் பாத்து அடிபட்டதுன்னு விட்டுடாதீங்க.

இன்னொண்ணு வைரஸால வர்றது, நீங்க கேட்ட மூளைக்காய்ச்சல் அதுதான், டாக்டருங்க டிக்-போர்ன் என்செஃபலைட்டிஸ் (TBE)ம்பாங்க. கடிச்ச கொஞ்ச நிமிஷத்துலயே உள்ள போயிடும், வந்துட்டா அதுக்குன்னு தனி மருந்து கிடையாது, வயசானவங்களுக்கு கடுமையா வரும், ஐரோப்பாவுல இது அதிகமா இருக்கற நாடுகள்ல ஸ்லோவீனியாவும் ஒண்ணு. ஊசி போடணுமான்னா என் பதில் இது: டவுன், ஏரி, குகையோட முடிச்சா தேவையில்ல. சோச்சா பக்கம் காட்டுப் பாதையில நடக்கறது, கூடாரம் போட்டு தங்கறதுன்னு பிளான் இருந்தா போட்டுக்கறது நல்லது, அம்மா வயசுக்கு நான் போடச் சொல்லித்தான் அனுப்புவேன். ரெண்டு டோஸ் வேணும், அவசரத்துக்கு சில பிராண்டை ரெண்டு வார இடைவெளியில போடலாம், ரெண்டு மாசம் தாராளம். பக்கத்து கிளினிக்ல கேட்ட உடனே கிடைக்கற ஊசி இல்ல, பெரிய ஆஸ்பத்திரில டிராவல் கிளினிக் இருந்தா இந்த வாரமே கேளுங்க. மூணாவது டோஸ் பல மாசம் கழிச்சு நீண்ட காலத்துக்கு, இந்த ஒரு டிரிப்புக்கு கட்டாயம் இல்ல.

இதே வைரஸ் பால்லயும் வரும்னு பல பேருக்குத் தெரியாது. 2012ல அங்க ஒரு ஆட்டோட பச்சைப் பாலைக் குடிச்ச மூணு பேருக்கு இந்தக் காய்ச்சல் வந்துச்சு, கூடவே குடிச்ச நாலாவது ஆளுக்கு ஒண்ணும் ஆகல, அவர் தடுப்பூசி போட்டிருந்தார். லூப்லியானா மார்க்கெட்ல காசு போட்டா பச்சைப் பால் ஊத்தற மெஷின் இருக்கு, வாங்கலாம், நம்ம வழக்கப்படி பொங்கக் காய்ச்சிட்டு குடிங்க. மலைப் பண்ணையில ஃப்ரெஷ் சீஸ் கொடுத்தா பச்சைப் பால்ல செஞ்சதான்னு கேளுங்க.

இப்ப சுகர். இன்சுலினை செக்-இன் பேகேஜ்ல போடாதீங்க, கீழ உறைஞ்சு வீணாகலாம், கைப்பையில, டாக்டர் லெட்டரோட. நேர வித்தியாசம் மூணரை மணி நேரம்தான், இருந்தாலும் பிளைட் அன்னிக்கு எப்ப எவ்வளவு போடணும்னு அவங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க. நம்ம பிராண்ட் பேரு அங்க யாருக்கும் தெரியாது, சீட்டுல ஜெனரிக் பேரு இருக்கட்டும். மூணு நாள் மாத்திரை எக்ஸ்ட்ரா வேணும். நடக்கற அன்னிக்கு சுகர் இறங்கும், குளுக்கோஸ் பாக்கெட் அம்மாவோட கைப்பையிலயே இருக்கணும், உங்க பேக்ல இல்ல. கிரான்ஸ்கா கோராவுல இருந்து வர்ஷிச் கணவாய் வழியா சோச்சா போறீங்கன்னா ஐம்பது கொண்டை ஊசி வளைவு, இன்சுலின் போட்டுட்டு சாப்பிட்டது வாந்தியா போச்சுன்னா சுகர் சடார்னு இறங்கிடும், அதனால வாந்தி மாத்திரை பத்தி முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. பிளெட் தீவுல சர்ச்சுக்கு 99 படி, மெதுவா ஏறலாம். போஸ்தோய்னா உள்ள வருஷம் பூரா பத்து டிகிரிதான், பாதி தூரத்துக்கு மேல ரயில்ல கூட்டிட்டுப் போயிடுவாங்க, தரை ஈரமா இருக்கும், கால் மரத்துப் போற பிரச்சனை இருந்தா செருப்பு வேண்டவே வேண்டாம், ஷூ, ஸ்வெட்டர். ஷ்கோட்சியான் குகையில படி ரொம்ப அதிகம், அம்மாவுக்கு அது வேணாம்.

சோச்சா ஆறு பச்சையா கண்ணைப் பறிக்கும், ஆனா கோடையிலயும் உறைய வைக்கற குளிர், குதிச்சா மூச்சு அடைச்சுக்கும், கால் நனைக்கறதோட நிறுத்துங்க. மலையில மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வரும், நடக்கறதை காலையிலயே முடிச்சிடுங்க.

ஆபத்துன்னா 112, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மலை மீட்பு எல்லாத்துக்கும் அதே நம்பர், போலீஸுக்கு 113. பிளெட் பக்கம்னா ஆஸ்பத்திரி யெசெனிட்சேல இருக்கு, பெரிய கேஸ்னா லூப்லியானா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. விசாவுக்கு 30,000 யூரோ இன்சூரன்ஸ் எப்படியும் எடுக்கணும், ஆனா விசாவுக்குப் போதும்ங்கறதுக்காக அம்மாவுக்கும் போதும்னு ஆகாது, ஏற்கனவே இருக்கற சுகர், பிபியால வர்ற எமர்ஜென்சிக்கு பணம் தருவாங்களா, ஹெலிகாப்டர் மீட்பு சேருமான்னு பாலிசியில எழுத்தா இருக்கான்னு பாருங்க, ஏஜென்ட் வாய்ல சொல்றது உதவாது.

கடைசியா, எனக்கு உண்மையிலயே கவலை இந்த விஷயத்துலதான். திரும்பி வந்த ஒரு மாசத்துக்குள்ள யாருக்காவது காய்ச்சல் வந்தா இங்க டெங்கு, டைஃபாய்டு டெஸ்ட்தான் முதல்ல எடுப்பாங்க, அது சரிதான், ஆனா ஸ்லோவீனியா போனோம், உண்ணி கடிச்சுதுன்னு நீங்களா சொல்லலைன்னா அந்தப் பக்கம் யோசிக்க டாக்டருக்கு வழியே இல்ல. இந்தக் காய்ச்சல் ஏமாத்தும், ஒரு தடவை வந்து விட்டுடும், ஒரு வாரம் நல்லா இருப்பாங்க, அப்புறம் கடும் தலைவலி, வாந்தி, தடுமாற்றம்னு ரெண்டாவது சுத்து வரும். 1957ல ஷிமோகா பக்கம் கண்டுபிடிச்ச குரங்குக் காய்ச்சலும் இதே வைரஸ் குடும்பம்தான், அதனால குரங்குக் காய்ச்சல் (KFD) மாதிரி உண்ணியால வர்றதுன்னு சொன்னா இங்க டாக்டர் டக்குனு புரிஞ்சுப்பார். போன்ல குறிச்சு வெச்ச தேதியையும் போட்டோவையும் அப்ப காட்டுங்க.