முதலை அப்பாவும் ஸ்டெப்னி முட்டையும்

கேள்வி: ஆறு மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறார்கள் இந்தக் காலத்து அம்மாக்கள். ஐந்தறிவு ஜீவன்கள்கூடத் தன் குட்டியைப் பிரிவதில்லையே! அவற்றைப் பார்த்தாவது தாய்மையைக் கற்றுக்கொள்ளக் கூடாதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கற்றுக்கொள்ளலாம். எந்த ஜீவனிடம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

முயலிடமா? ஐரோப்பாவின் காட்டு முயல், குட்டி போட்ட வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். நாளைக்கு ஒரு தடவை வரும், நாலைந்து நிமிடம் பால் கொடுக்கும், மறுபடி மூடிவிட்டுக் கிளம்பிவிடும். கூடவே படுத்துக் கிடந்தால் வாடை பிடித்து நரி வந்துவிடுமே! உங்கள் கணக்கில் காப்பகத்து அம்மா எவ்வளவோ தேவலை. குயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காப்பகம் என்பதையே கண்டுபிடித்தது அதுதான். காக்கைக்குச் சம்பளமும் கிடையாது.

பாண்டாவின் படத்தைக் காலை வணக்கத்தோடு அனுப்பாத ஆள் இல்லை. அதன் பிரசவங்களில் ஏறக்குறைய பாதி, இரட்டை. குட்டி 100 கிராம்தான் இருக்கும், நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். காட்டில் இருக்கும் தாய் பெரும்பாலும் ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்ளும். இன்னொன்று தரையில் கிடந்து கத்தும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சீனாவின் செங்டு வளர்ப்பு மையத்தில் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தில் தேன் கலந்த தண்ணீரை நீட்டித் தாயின் கவனத்தைத் திருப்பிவிட்டு, கையில் இருக்கும் குட்டியை எடுத்துக்கொண்டு இன்குபேட்டரில் இருப்பதை வைத்துவிடுவார்கள். இப்படி மாற்றி மாற்றி இரண்டையும் பிழைக்க வைக்கிறார்கள்.

ஆப்பிரிக்கக் கருங்கழுகு இன்னும் ஒரு படி மேலே. இரண்டு முட்டை இடும். இரண்டும் சில நாள் இடைவெளியில் பொரியும். மூத்தது இளையதைக் கொத்தத் தொடங்கும். ஜிம்பாப்வேயின் மட்டோபோ குன்றுகளில் ஒரு கூட்டைக் கவனித்தபோது, மூன்றே நாளில் 1,569 கொத்துகள் விழுந்ததாகப் பதிவாகியிருக்கிறது. இளையது செத்துவிட்டது. கூட்டில் இரைக்குப் பஞ்சம் இல்லை, தாயும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் தடுப்பதில்லை. இரண்டாவது முட்டை ஒரு ஸ்டெப்னி, அவ்வளவுதான். முதல் டயர் பஞ்சர் ஆனால்தான் அதற்கு வேலை. இதைக் கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். பாண்டா ஒன்றை அணைத்ததைப் பாசம் என்று நீங்களும் சொல்லாதீர்கள். எத்தனை வாய்க்குத் தீனி போட முடியும் என்பதுதான் அங்கே கணக்கு.

அவ்வளவு தூரம் போவானேன்? ‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா’ என்கிறோம். சாகாதுதான். எங்கள் பாட்டி வீட்டுக் கோழி, பருந்தைக் கண்டால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாயும். இரண்டு மாதம் கழித்து, முறத்திலிருந்து சிந்திய நொய்க்கு ஓடிவந்த அதே குஞ்சின் மண்டையில் நச்சென்று ஒரு கொத்து. குஞ்சு கீச்சென்று கத்தியபடி திண்ணைக்கு அடியில் ஓடும். “பிரிச்சு விட்டுடுச்சு, இனி முட்டைக்கு வந்துடும்” என்பார் பாட்டி, சாவகாசமாக.

சரி, முதலைக்கு வருவோம். ‘தன் பார்ப்புத் தின்னும் அன்பில் முதலை’, அதாவது தன் குஞ்சையே தின்னும் அன்பில்லாத முதலை என்று சங்க நூலான ஐங்குறுநூறு அதைத் திட்டியே வைத்திருக்கிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுத்ததும் தாய் மணலைத் தோண்டும். பொரிந்தவற்றை வாயில் அள்ளிக்கொண்டு தண்ணீருக்குப் போகும். பல்லுக்கு நடுவே வால் துடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் பதறும்தானே? தண்ணீரில் வாயைத் திறந்துவிட்டால் குஞ்சுகள் நீந்திப் போய்விடும். (பெரிய முதலை சின்ன முதலையைத் தின்பதும் உண்டு, அது வேறு கதை.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறதல்லவா, 1976-இல் தொடங்கியது? அங்கே 1980-களில் நம்மூர்ச் சதுப்புநில முதலைகளைக் கவனித்தவர்கள், ஆண் முதலையும் குஞ்சுகளை வாயில் சுமந்து தண்ணீரில் விடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதை எழுதிவிட்டு உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். அம்மா இருக்கிறார், குழந்தை இருக்கிறது, காப்பகம், ஆபீஸ் எல்லாம் இருக்கிறது. அப்பாவைத்தான் காணோம்.